ஈன்ற பசுவும் இறையருளும்

பாலூட்டி விலங்குகளின் கருத்தரிப்பு, ஈற்று, பால் சுரப்பு, குட்டி வளர்ப்பு ஆகிய அனைத்தையும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதி நடத்துகிறது. இது இன்று பாடநூல்களிலேயே உள்ள செய்தி. தமிழ்ச் சமய மரபை அறிந்தவர்களுக்கு இதை ஒட்டி ஒரு பெரிய கேள்வி எழும். இறைவனின் அருளை விளக்க சைவமும் வைணவமும் தாயின் அன்பைத்தான் மீண்டும் மீண்டும் நாடின. கன்றை நக்கும் பசு, குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை, வயிற்றைப் பற்றிக்கொள்ளும் குட்டியோடு தாவும் குரங்கு, தாய் இழந்த பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்த சிவன் என எல்லாமே பாலூட்டிகளின் தாய்மைக் காட்சிகள். அந்த அன்பை ஆக்சிடோசின் என்ற, ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு பொருள் தூண்டிவிடுகிறது என்றால், அதை உவமையாகக் கொண்ட அருள் என்ன ஆகிறது? காரணம் தெரிந்துவிட்ட அன்பு அன்பாகவே இருக்குமா?

சிட்னியின் மேற்கில் மெரிலேண்ட்ஸ் வட்டாரத்தில் இக்கேள்வியின் இரு பக்கங்களும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. மெரிலேண்ட்ஸை ஒட்டிய மேஸ் ஹில்லில் சைவ மன்றம் எழுப்பிய சிட்னி முருகன் கோயில் 1999இல் குடமுழுக்குக் கண்டது. அங்கிருந்து மேற்கே பிராஸ்பெக்ட்டில், ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ 1950களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் செம்மறியாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்தியது. தாய் ஆடு தன் குட்டியை எப்படி அடையாளம் காண்கிறது என்பதை நுணுக்கமாக ஆராய்ந்த இடங்களில் அதுவும் ஒன்று.

இனப்பெருக்கம் தொடங்குவது சூலகத்தில் அல்ல, மூளையில். ஹைப்போதலமஸிலிருந்து ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன் துளித்துளியாகக் கசிந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் வழியே கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடைகிறது. பிட்யூட்டரி அதற்கு விடையாக எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டை ரத்தத்தில் விடுகிறது. சூலகம் முட்டையை முதிரச் செய்வதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் ஆகியவற்றைச் சுரப்பதும் அவற்றின் ஆணைப்படிதான். மூளை ரத்தக் குழாய் வழியே பிட்யூட்டரியை ஆள்கிறது என்பதை இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ் நிறுவினார். அந்த ஆணையைச் சுமக்கும் ஜிஎன்ஆர்எச் எதனால் ஆனது என்பதை அமெரிக்காவில் போட்டி போட்ட இரு ஆய்வுக் குழுக்கள் 1971இல் கண்டுபிடித்தன. ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளிலிருந்தும், ரோஜர் கில்லமின் செம்மறியாட்டு மூளைகளிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்தனர். பத்து அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு சங்கிலி அது. மில்லிகிராம் கணக்கில் அதைப் பெற லட்சக்கணக்கான விலங்குகளின் மூளைகள் தேவைப்பட்டன. 1977இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஹார்மோன் இருந்தால் மட்டும் போதாது, தாளத்தோடு வர வேண்டும். அமெரிக்காவின் எர்ன்ஸ்ட் நோபில் 1970களின் இறுதியில் குரங்குகளில் இதைக் காட்டினார். மணிக்கு ஒருமுறை சிறிது நேரம் ஜிஎன்ஆர்எச் கொடுத்தபோது பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தியபோது பிட்யூட்டரி அடங்கிப்போனது. 1982இல் மெல்பர்னில் இயன் கிளார்க்கும் ஜிம் கம்மின்ஸும் விழித்திருக்கும் செம்மறியாடுகளின் ஹைப்போதலமஸுக்கும் பிட்யூட்டரிக்கும் இடையில் ஓடும் ரத்தத்தையே எடுத்துச் சோதித்து, ஜிஎன்ஆர்எச்சின் ஒவ்வொரு துடிப்புக்கும் எல்எச்சின் ஒரு துடிப்பு விடையாக வருவதை நேரடியாக அளந்தார்கள். அந்தத் தாளத்தை எழுப்புவதில் கிஸ்பெப்டின் என்ற இன்னொரு மூளைப் பொருளுக்குப் பெரும் பங்குண்டு என்பது 2003க்குப் பிறகு தெளிவாயிற்று. அதை வாங்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதானவர்கள் பருவமடைவதில்லை.

புற உலகமும் இந்தத் தாளத்துக்குள் நுழைகிறது. ஆஸ்திரேலியாவின் டாமர் வாலபி இதற்கு அருமையான சான்று. அது ஈன்ற சில மணி நேரத்துக்குள் மறுபடியும் இணைசேர்ந்து கருத்தரிக்கிறது. அந்தக் கரு ஏறத்தாழ நூறு செல்கள் அளவுக்கு வளர்ந்ததும் நின்றுவிடும். பையில் இருக்கும் குட்டி பால் குடிக்கும்வரை, அந்த உறிஞ்சலால் தாயின் மூளை புரோலாக்டின் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தக்கவைத்துக் கருவை உறங்கவைக்கிறது. குளிர்கால நடுவுக்குப் பிறகு அந்த வேலையைப் பகலின் நீளம் எடுத்துக்கொள்கிறது. டிசம்பரில் பகல் குறையத் தொடங்கியதும்தான் கரு விழித்தெழுந்து, ஜனவரி இறுதிவாக்கில் பிறக்கிறது. ஹியூ டிண்டேல்-பிஸ்கோ, மேரிலின் ரென்ஃப்ரீ முதலியோர் கங்காரு தீவின் வாலபிகளைக் கொண்டு பல்லாண்டுகள் உழைத்துக் கண்ட உண்மைகள் இவை. பையில் உள்ள குட்டியின் வாயும் வானத்துச் சூரியனும் சேர்ந்து, இன்னொரு குட்டி எப்போது பிறக்க வேண்டும் என்று முடிவு செய்கின்றன.

சினையாக இருக்கும் காலம் முழுக்கத் தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்ட்டிரோன் ஓங்கியிருக்கும். ஈற்று நெருங்கும்போது அது சரிந்து ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. இந்த மாற்றம் மூளையில் ஆக்சிடோசினுக்கான ஏற்பிகளைப் பெருக்கி, நிலத்தை முன்கூட்டியே பண்படுத்திவைக்கிறது. பிறகு குட்டி வெளிவரும்போது கருப்பை வாயும் பிறப்புப் பாதையும் விரிகின்றன. அந்த விரிவை நரம்புகள் மூளைக்குச் சொல்ல, ஹைப்போதலமஸிலிருந்து ஆக்சிடோசின் பெருகுகிறது. ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து கருப்பையைச் சுருக்கி, மடியில் பாலை இறக்குகிறது. இன்னொரு பகுதி மூளைக்குள்ளேயே விடப்படுகிறது. தாய்மை நடத்தையைத் தொடக்குவது இந்த இரண்டாவது பகுதிதான். இங்கிலாந்தில் பேரி கெவர்ன், கீத் கெண்ட்ரிக் முதலியோர் 1980களில் செய்த சோதனைகளில், சினையில்லாத ஆடுகளுக்கு ஹார்மோன் கொடுத்துத் தயார்செய்து, பிறப்புப் பாதையை ஐந்து நிமிடம் விரித்துத் தூண்டினார்கள். அவை முன்பின் தெரியாத குட்டிகளை நக்கிக் கொஞ்சத் தொடங்கின. மூளையின் உள்ளறைகளில் ஆக்சிடோசினைச் செலுத்தியபோதும் அதே மாற்றம் விரைவிலேயே தோன்றியது.

தமிழ்நாட்டுப் பால்காரர்கள் அறிந்த ஒரு வேறுபாடு இங்கே பொருந்துகிறது. கன்று இறந்துபோனால் பசு சுரப்பு விடாது. கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்துவது பழைய வழக்கம். பசு அதை முகர்ந்து, நக்கி, பாலை இறக்கும். பிற்காலத்தில் அதற்குப் பதிலாக ஆக்சிடோசின் ஊசி வந்தது. அதன் தவறான பயன்பாட்டைத் தடுக்க 2018இல் இந்திய அரசு தனியார் தயாரிப்புக்குத் தடை விதித்ததும், அதே ஆண்டு டெல்லி உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியதும் பலருக்கு நினைவிருக்கும். ஊசி போட்டால் மடி சுரக்கும், ஆனால் பசு எந்தக் கன்றையும் தேடாது. ரத்தத்தில் ஏற்றிய ஆக்சிடோசின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. வைக்கோல் கன்றோ மூக்கின் வழியே பசுவின் மூளையைத் தொட்டது. பாலும் பாசமும் ஒரே பொருளால் நடந்தாலும் இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தொழுவமே காட்டிவிட்டது.

ஈன்ற செம்மறியாட்டை அருகில் நின்று பார்த்தால், மூக்கு எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பது புரியும். குட்டி தரையில் விழுந்ததும் தாய் திரும்பி, தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டே பனிக்குட நீரில் நனைந்த ரோமத்தைத் தலையிலிருந்து நக்கத் தொடங்கும். ஈற்றுக்கு முன்பு இதே நீரை உணவில் தெளித்தால் அதே ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெறுத்ததை விரும்பவைக்கும் இந்தத் திருப்பம் ஈற்றை ஒட்டிய சில மணி நேரத்துக்கு மட்டுமே. பிரான்சில் ஃபிரெடெரிக் லெவி, பாஸ்கல் புவாந்திரோன் ஆகியோர் 1983இல் இதை வெளியிட்டார்கள். அந்த நேரத்துக்குள் தாயின் மூளை தன் குட்டியின் வாசனையைப் பதிந்துகொள்கிறது. முகர்வை வாங்கும் மூளைப் பகுதியில் ஈற்றுக்கு முன் உணவின் மணத்துக்கு மட்டும் விடைதந்த செல்கள், ஈன்ற பின் குட்டியின் மணத்துக்கு விடைதரத் தொடங்குவதை கெண்ட்ரிக்கின் குழு 1992இல் பதிவு செய்தது. பிறகு வேறு குட்டி மடியைத் தேடி வந்தால் அந்த ஆடு முட்டித் தள்ளும்.

பிராஸ்பெக்ட் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் அலெக்சாண்டர் இந்த அடையாளத்தின் இன்னொரு பக்கத்தை ஆராய்ந்தார். மெரினோ இனச் செம்மறிக் குட்டிகள் பிறந்த சில நாளிலேயே பெரும் எண்ணிக்கையில் இறந்ததுதான் அவரை இதில் இறக்கியது. 1977இல் அவரும் எலிசபெத் ஷில்லிட்டோவும் வெளியிட்ட ஆய்வுகளில், குட்டிகளின் உடலில் ஆங்காங்கே சாயம் பூசித் தாயின் முன் விட்டார்கள். தலையின் தோற்றம் மாறியிருந்தால் தாய் நெருங்கத் தயங்கியது. தொலைவில் குரலும் தோற்றமும் வழிகாட்ட, கடைசித் தீர்ப்பை அருகில் வந்து முகரும் மூக்கே சொன்னது.

இனி வைணவ ஆசாரியர்களிடம் வரலாம். இறைவனின் குணங்களில் வாத்சல்யம் என்ற தாயன்பை விளக்க அவர்கள் எடுத்த உவமை ஈன்ற பசு. அது கன்றின் மேலுள்ள அழுக்கைத் தன் நாவால் நக்கி எடுக்கிறது. புதிய கன்றின் மேலுள்ள பாசத்தால், நேற்றுவரை கொஞ்சிய முந்தைய கன்றைக் கொம்பாலும் காலாலும் தள்ளுகிறது. வைணவத்தின் இரு பிரிவுகளில், பிள்ளை லோகாசாரியரின் வழிவந்த தென்கலையார், இறைவன் அடியாரின் குற்றத்தையே இனியதாக ஏற்கிறான் என்றார்கள். வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையார், அவன் குற்றத்தைக் காணாதவன்போல் இருந்துவிடுகிறான் என்று கொண்டார்கள். இரு சாராரும் சொன்னதற்கும் உடலியலில் இணை இருப்பது வியப்பூட்டுகிறது. அருவருத்த பனிக்குட நீரை ஈன்ற ஆடு ருசித்து நக்குவது தென்கலையாரின் கூற்றுக்கு நெருக்கமானது. முகரும் திறன் நீக்கப்பட்ட ஆடு எந்த மணத்தையும் அறியாது. அதனால் யாருடைய குட்டி வந்தாலும் தள்ளாமல் பால் கொடுக்கிறது. குற்றம் காணாத தாய் எல்லோருக்கும் தாய் ஆகிறாள் என்பது வடகலையாரின் கருத்துக்கு அருகில் வருகிறது. ஆடுகளை வைத்து இரு கலைகளின் வழக்கைத் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. ஆனால் அந்த உவமையைப் படைத்தவர்கள் தொழுவத்தைக் கண்கொண்டு பார்த்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

குரங்கு, பூனை உவமைகள் இதைவிட ஆழமான வழக்கைச் சுமப்பவை. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல, அருளைப் பெற உயிரிடம் ஒரு முயற்சியாவது வேண்டும் என்பது வடகலை நெறி. பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல, அருள் எந்தக் காரணமும் வேண்டாமல் தானே வரும் என்பது தென்கலை நெறி. உடலியல் கண்ட தாய்மையில் இவ்விரண்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. குட்டி எதுவும் செய்வதற்கு முன்பே தாயின் உடல் அதற்காகத் தயாராகிவிடுகிறது. அந்தத் தயாரிப்பில் குட்டியின் தகுதிக்கு இடமே இல்லை. அதே சமயம் குட்டி சப்பினால்தான் ஆக்சிடோசினும் புரோலாக்டினும் தொடர்ந்து சுரக்கும். சப்பாத மடி சில நாளில் வற்றிவிடும். முதல் அடி முழுக்கத் தாயுடையது. ஆனால் பாலை ஓடவைத்துக்கொண்டே இருப்பது குட்டியின் வாய். இந்த அமைப்பை ஆசாரியர்கள் அறிந்திருந்தால் தம் நூல்களில் எடுத்தாண்டிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

காரணம் தெரிந்த அன்பு அன்பாகுமா என்ற கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேரும்போது சிவப்புத் தோன்றுவதுபோல, பூதங்கள் சேரும்போது அறிவு தோன்றுகிறது; உயிர் என்று தனியே ஒன்றில்லை என்பது உலகாயதரின் பழைய வாதம். அன்பு என்பது ஆக்சிடோசின் மட்டுமே என்று இன்று சொல்பவரும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் நிற்கிறார். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் மறுக்க எடுத்துக்கொண்ட முதல் மதம் உலகாயதமே.

சைவ சித்தாந்தத்தின் விடை கவனத்துக்குரியது. உயிர் தானாக எதையும் அறியவோ விரும்பவோ செய்யவோ இயலாதபடி ஆணவம் என்ற மலத்தால் மறைப்புண்டிருக்கிறது. தனு (உடம்பு), கரணம் (மனம் முதலிய உட்கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) என்ற நான்கையும் இறைவன் மாயையிலிருந்து தந்த பிறகே அதன் அறிவும் விருப்பமும் விளங்கத் தொடங்குகின்றன என்பது அதன் கொள்கை. உடம்பு, மனம், பொறி, சுவைக்கும் பொருள் எல்லாம் உயிருக்குக் கருவிகள். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. இந்தக் கொள்கையில் நிற்பவருக்கு ஹார்மோன் ஓர் அதிர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. உடல் இல்லாமல் வெளிப்படும் அன்பை இந்த மரபு கட்டுண்ட உயிருக்கு வாக்களித்ததில்லை. தாயின் மூளையில் ஆக்சிடோசின் பெருகும்போது கரணம் இயங்குகிறது; அதன் வழியே விரும்புவது உயிர். இது உயிர் உண்டு என்பதற்கு நிரூபணம் ஆகாது. ஆனால் வேதியியல் கண்டுபிடிக்கப்பட்டதாலேயே உயிர் வெளியேற்றப்பட்டுவிடவில்லை. உலகாயதரோடு வாதாட வேண்டிய இடம் அறிவு எவ்வாறு தோன்றுகிறது என்பதில்தான்; எந்தச் சுரப்பி எதைச் சுரக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் பகையில்லை.

இந்தக் கொள்கைக்கு நடைமுறையில் ஒரு பெரிய பயன் உண்டு. ஈன்ற சில நாளில் மனிதத் தாயின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்டிரோனும் வேகமாகச் சரிகின்றன. புரோஜெஸ்ட்டிரோனிலிருந்து மூளையில் உருவாகி மனத்தை அமைதிப்படுத்தும் அல்லோபிரெக்னனொலோன் என்ற பொருளும் அவற்றோடு குறைகிறது. சில பெண்களின் மூளையால் இந்தச் சரிவுக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. குழந்தையைக் கையில் வாங்கியும் மனத்தில் எதுவும் எழாமல், அழுகையும் உறக்கமின்மையும் குற்றவுணர்வும் சூழ்ந்துகொள்ளும். தாய்மையைத் தெய்வமாக்கிய சமூகத்தில் அப்படி ஒரு பெண் தன்னையே கொடியவளாக எண்ணிக்கொள்கிறாள். சுற்றமும் அப்படியே சொல்லிவிடுவதுண்டு. மெரிலேண்ட்ஸ் அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸில் கருவுற்ற பெண்களிடமும் பெற்றவர்களிடமும் எடின்பரோ அளவுகோல் எனப்படும் பத்துக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. 1987இல் பிரிட்டனில் உருவான அந்த அளவுகோல் இந்த நிலையை முன்னதாகவே அறிய உதவுகிறது. குறைந்துபோன அந்தப் பொருளையே செயற்கையாக உருவாக்கி, 60 மணி நேரம் நரம்பில் ஏற்றும் மருந்துக்கு 2019இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. கரணம் தளர்ந்ததற்கு உயிரைக் குற்றவாளி ஆக்குவது சித்தாந்தத்துக்கே முரண். கோயில் சொற்பொழிவுகளில் தாயன்பைப் புகழ்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வது மிகவும் அவசியம்.

மனிதரிடமும் குரங்கினத்திலும் தாய்மை ஹார்மோனின் பிடியிலிருந்து பெருமளவு விடுபட்டிருக்கிறது என்பது கெவர்னின் முடிவு. வளர்ப்புத் தாய்க்கு ஈற்று இல்லை, பாசம் உண்டு. அறுவைசிகிச்சையில் பெற்றவர்களின் பாசத்தில் குறையில்லை. பிலிப்பைன்ஸின் செபு நகரில் நடந்த நெடுங்கால ஆய்வில் ஆண்கள் தந்தையானதும் அவர்களின் டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததை 2011இல் கண்டார்கள். குழந்தையோடு அதிக நேரம் செலவிட்டவர்களிடம் அது இன்னும் குறைவாக இருந்தது. எலியில்கூட இந்த வழி திறந்தே இருக்கிறது. ஜெய் ரோசன்பிளாட் 1967இல், ஈனாத பெண் எலிகளையும் ஆண் எலிகளையும் குட்டிகளோடு தொடர்ந்து வைத்திருந்தார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவையும் குட்டிகளைக் கவ்விக் கூட்டில் சேர்த்து, நக்கி, அணைத்துப் படுக்கத் தொடங்கின. ஹார்மோன் ஒரு நொடியில் திறக்கும் கதவைப் பழக்கம் மெல்லத் திறக்கிறது.

ஈற்றில்லாமலே எழும் பாசம் என்ற இந்த எல்லையைத்தான் திருவிளையாடற் புராணம் தொடுகிறது. வேட்டையில் தாயும் தந்தையும் மாண்டபின் பசியில் கதறிய பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்கு, மதுரைச் சொக்கநாதர் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார் என்கிறது அது. திருச்சியில் காவிரி வெள்ளத்தால் தாய் வர முடியாதபோது, ரத்னாவதியின் பேறுகாலத்தில் சிவன் அவள் தாயின் உருவில் வந்து பணிவிடை செய்த கதையும் அத்தகையதே. இரண்டிலும் தாயாக வருபவர் ஈன்றவர் அல்லர். இரண்டிலும் பெறுபவர் பிறர் வயிற்றுப் பிள்ளை. பசுவின் உவமை நின்றுவிடும் இடத்திலிருந்து, அதாவது பிற கன்றைத் தள்ளும் கொம்பிலிருந்து, இந்தக் கதைகள் மேலே நடக்கின்றன. தன் குட்டியை மட்டும் அறியும் பாசத்தை இறைவனுக்கு ஏற்றினால் அருள் சுருங்கிவிடும் என்பதைச் சைவ மரபு உணர்ந்திருந்தது.

அந்தப் பன்றிக்குட்டிகள் பால் குடித்தபின் பன்றி முகமும் மனித உடலும் கொண்டு கல்வியில் சிறந்து, பாண்டியனுக்கு அமைச்சர்கள் ஆனதாகக் கதை தொடர்கிறது. பால் கொடுப்பவரின் இயல்பு குடிப்பவருக்கு வருகிறது என்பது அதன் கருத்து. கனடாவின் மொன்றியலில் மைக்கேல் மீனியின் குழு 1990களின் இறுதியில் எலிகளில் இதை ஒத்த ஒன்றைக் கண்டது. தாய் அதிகம் நக்கி வளர்த்த குட்டிகள் வளர்ந்தபின் அச்சம் குறைந்தவையாக இருந்தன. குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த பெண் குட்டிகளை அதிகம் நக்கும் தாயிடம் விட்டபோது, அவை தாமும் தம் குட்டிகளை அதிகம் நக்கும் தாய்களாயின. ஈன்றவளிடமிருந்து வராத இயல்பு, வளர்த்தவளின் நாவு வழியே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது.